கறிக்குழம்புக்கு ஏற்ற ஒயின்

1937 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு நடைமுறைக்கு வந்த இடம் சேலம் மாவட்டம். எங்கள் கிருஷ்ணகிரியும் ஓசூரும் அப்போது சேலத்தோடு இருந்தன. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி, ஓசூரை ஒட்டிய கிராமம். கிருஷ்ணகிரியை அடுத்த குந்தாரப்பள்ளியில் உட்கார்ந்து ஒயினைப் பற்றி எழுதுகிறவனுக்கு இந்த நினைப்பு இல்லாமல் இருக்க முடியாது. குடியால் குடும்பங்கள் அழிவதைப் பார்த்துத்தான் அந்தச் சட்டம் வந்தது. 1971இல் அது விலக்கப்பட்டது, 1974இல் திரும்பியது, 1981இல் மறுபடியும் போனது. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தது. சட்டம் மாறி மாறி வந்தது. நம் ஆட்கள் குடிக்கிற விதம் மட்டும் அப்படியே இருந்தது.

அந்த விதத்தை நான் பார்த்து வளர்ந்த இடம் எங்கள் ஊர் வெள்ளிக்கிழமைச் சந்தை. விடியும் முன்பே ஆடுகள் வந்து இறங்கும். ஆந்திரா, கர்நாடகா என்று இரண்டு பக்கத்திலிருந்தும் வியாபாரிகள் வருவார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் ஒரே ஆளின் வாயில் மாறி மாறி வரும். அப்பா அங்கே ஆட்டுத் தரகு பார்த்தார். வெயில் ஏறுவதற்குள் பேரம் முடிந்து காசு கைமாறிவிடும். அதன்பிறகு சிலர் நேரே கடைக்குப் போவார்கள். ஒரு குவாட்டர், ஒரு பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், ஊறுகாய். நின்றபடியே இரண்டு மடக்கில் முடிந்துவிடும். சாப்பாடு அதற்குப் பிறகு, அல்லது சாப்பாடே இல்லை. ஆடு விற்ற காசில் பாதி வீடு சேராது. அப்பா கடைசிவரை குடியைத் தொட்டதில்லை. “அவனுக்கெல்லாம் நாக்கு எதுக்குடா? தொண்டையாலதானே குடிக்கிறான்” என்பார். அந்தச் சொல்லை நான் மறந்ததே இல்லை.

திராட்சை ரசம் புளித்து மணப்பதை முதலில் அறிந்தது கோலார் தங்கவயலில். பெரியப்பா அங்கே சுரங்கத்தில் வேலை பார்த்தார். வீடு சாம்பியன் ரீஃபில். குந்தாரப்பள்ளி கூட்ரோட்டிலிருந்து வேப்பனப்பள்ளி வழியாகப் போனால் அந்தப் பக்கம் ஒன்றும் தூரமில்லை. அவர்கள் கிறிஸ்தவர்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் முன்பே பெரியம்மா கறுப்புத் திராட்சையைக் கூடையோடு வாங்கிக் கழுவி உலர்த்தி, சர்க்கரையோடு பிசைந்து, ஒரு கைப்பிடி கோதுமையும் பட்டை கிராம்பும் போட்டு, பீங்கான் ஜாடியில் துணி கட்டி வைப்பார். தினமும் மரக்கரண்டியால் ஒரு கிளறு. அந்தத் திராட்சைதான் பெங்களூர் ப்ளூ. கோலார், சிக்கபள்ளாபூர், தேவனஹள்ளிப் பக்கம் பந்தல் பந்தலாக விளைவது. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. பெரியவர்களுக்குச் சின்னக் கண்ணாடி டம்ளரில் ஒயின், எங்களுக்குக் கேக். கல்லூரிக் காலத்தில்தான் எனக்கும் ஒரு டம்ளர் கிடைத்தது. இனிப்பு நிறைய, மணம் அதைவிட நிறைய. கேக்கோடு அருமையாக இருந்தது. அதே டம்ளரைப் பிரியாணித் தட்டின் பக்கத்தில் வைத்தபோது இரண்டும் ஒட்டவே இல்லை.

2001 பிப்ரவரி கடைசியில் சுரங்கம் மூடியபின் பெரியப்பா குடும்பம் பெங்களூருக்குப் போய்விட்டது. நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் சேர்ந்திருந்தேன். ஷிஃப்ட் முடிந்து பார் வாசலில் கூடுகிற நண்பர்களோடு ஒன்றிரண்டு முறை போனதுண்டு. சந்தையில் பார்த்த அதே காட்சிதான் அங்கும். பேண்ட் சட்டை மட்டும்தான் வேறு. பிறகு போகவில்லை.

2009இல் புது இயந்திரம் ஒன்றுக்குப் பயிற்சி எடுக்க எங்களில் சிலரைக் கம்பெனி இத்தாலிக்கு அனுப்பியது. டூரின் நகரத்துக்கு வெளியே ஒரு தொழிற்பேட்டை. நம் சிப்காட் மாதிரியே இருந்தது. எங்களுக்குப் பயிற்சி கொடுத்த மேஸ்திரி ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். போகிற வழியில் ஒரு கடையில் வண்டியை நிறுத்தினார். உள்ளே பெரிய ஸ்டீல் தொட்டிகள். வருகிறவர்கள் வீட்டிலிருந்து காலிப் பாட்டிலோ கேனோ கொண்டுவந்து குழாயில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். லிட்டர் இரண்டு யூரோ சொச்சம். அவர் பிடித்தது பார்பெரா. அந்தப் பீட்மான்ட் வட்டாரத்தில் விளைகிற சிவப்புத் திராட்சை, அந்தப் பக்கத்து உழைப்பாளிகளின் வழக்கமான ஒயின்.

வீட்டில் பாட்டியிலிருந்து பேத்தி வரைக்கும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். வேகவைத்த கறி, ரொட்டி, கீரை. பெரியவர்கள் ஆளுக்கு ஒரு கிளாஸ். ஒரு வாய் கறி, ஒரு வாய் ஒயின். பார்பெராவில் புளிப்பு தூக்கலாக இருக்கும், துவர்ப்பு குறைவு. கறியின் கொழுப்பு நாக்கில் படிந்ததும் அந்தப் புளிப்பு வந்து வழித்துவிட்டுப் போனது. அடுத்த கவளம் முதல் கவளம் மாதிரியே ருசித்தது. சாப்பாடு முடிந்து எல்லாரும் எழுந்தபோது பாட்டிலில் பாதி மீதி இருந்தது. பாட்டி அதை மூடி அலமாரியில் வைத்தார், மறுநாள் மத்தியானத்துக்கு என்று. மதுப் புட்டி ஒன்று பாதியில் நின்று மூடப்படுவதை நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். ஊருக்குத் திரும்பும் விமானத்தில் என் மனதில் இருந்தது அந்தப் பாதிப் புட்டிதான். இப்படி ஒரு ஒயின், இந்த விலைப் பக்கத்தில், நம் சாப்பாட்டுக்குத் தோதாக நம் ஊரில் கிடைக்குமா என்று தேடத் தொடங்கினேன்.

தேடலில் எனக்குக் கிடைத்த முதல் துணை என் மனைவி. அவர் கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழ பல்ப் கம்பெனியின் லேபில் வேலை பார்த்தவர். மே முதல் ஜூலை வரை லாரி லாரியாகப் பெங்களூரா மாம்பழம் வந்து இறங்கும். ஒவ்வொரு லோடிலும் பிரிக்ஸ் (சர்க்கரை அளவு) எவ்வளவு, அமிலம் எவ்வளவு என்று பார்ப்பதுதான் அவர் வேலை. ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டால் சர்க்கரை தெரியும். காரம் சேர்த்து டைட்ரேட் செய்தால் புளிப்பு தெரியும். “இனிப்பு மட்டும் இருந்தா அது பல்ப் இல்லீங்க, பாகு. புளிப்பு கூட நின்னாத்தான் பழம்” என்பார். முதன்முதலாக ஒயினை அவர் நாக்கில் வைத்தபோதும் அதே கணக்கைத்தான் போட்டார். நான் புத்தகங்களில் தேடிக்கொண்டிருந்ததை அவர் லேபிலிருந்து கொண்டுவந்துவிட்டார்.

ஒயின் திராட்சையை சுமார் 22 முதல் 24 பிரிக்ஸில் பறிக்கிறார்கள். அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்று முடிக்கும்போது ஒவ்வொரு பிரிக்ஸுக்கும் அரை சதவீதத்துக்குச் சற்று மேல் ஆல்கஹால் உண்டாகிறது. அதனால்தான் நல்ல ஒயின்களில் பெரும்பாலும் 12, 13 சதவீதம் என்று போட்டிருக்கும். சர்க்கரை தீர்ந்தபின் மிஞ்சுவது புளிப்பும், தோலிலிருந்து இறங்கிய துவர்ப்பும், பழத்தின் மணமும். இந்த மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றால் விலை எதுவானாலும் அது நல்ல ஒயின்.

தமிழ்நாட்டுக் கடைகளில் ஒயின் வகைகள் குறைவு. கர்நாடகத்தில் வாங்கி வரலாம் என்றால், வெளிமாநில மதுவை அனுமதி இல்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். ஜூஜூவாடி சோதனைச் சாவடியில் கர்நாடகச் சரக்கு பிடிபடும் செய்தி எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளுக்குப் பழக்கமானது. ஆகவே எங்கள் சோதனைக்கூடம் தங்கை வீடானது. அவள் எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளி தாண்டி சந்தாபுராவில் இருக்கிறாள். பஸ்ஸில் போய் இரவு தங்கி மறுநாள் திரும்புவோம். மாப்பிள்ளை இரண்டு புட்டி வாங்கி வைத்திருப்பார், இரண்டும் ஆயிரம் ரூபாய்க்குள். ஒரே சாப்பாட்டோடு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் பார்ப்போம். மனைவி ஒரு நோட்டில் எழுதுவார்: இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு, மணம், மறுநாள் எப்படி. அந்தக் கடைசிக் கட்டம் அவர் சேர்த்தது. முதல் நாள் மயக்குகிற ஒயின்கள் சில மறுநாள் காலை முகர்ந்தால் வெறும் சர்க்கரைத் தண்ணீராக நிற்கும். மறுநாளும் முகம் மாறாமல் இருந்ததைத்தான் மறுபடி வாங்கினோம்.

முதலில் கழிந்தவை போர்ட் என்ற பெயரில் விற்கும் மலிவு இனிப்பு ஒயின்கள். போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் செய்யும் உண்மையான போர்ட் வேறு. அங்கே திராட்சை நொதித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து நொதித்தலை நிறுத்துவார்கள். பழத்தின் சர்க்கரை உள்ளேயே தங்கிவிடும். நம் ஊரில் அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் சர்க்கரை சேர்த்த இனிப்பு ஒயின். சாப்பாட்டோடு வைத்தால் குழம்பையும் கெடுக்கும், தன்னையும் கெடுத்துக்கொள்ளும்.

அடுத்து தெரிந்தது வெளிநாட்டுப் புட்டிகளின் கணக்கு. வெளிநாட்டு ஒயினுக்கு நெடுங்காலமாக 150 சதவீதச் சுங்க வரி இருந்தது. அதன்மேல் மாநில வரி, கப்பல் செலவு, வியாபாரிகளின் லாபம். இங்கே 1,500 ரூபாய் கொடுத்து வாங்குகிற ஐரோப்பியப் புட்டிக்குள் அங்கே மூன்று நான்கு யூரோவுக்கு விற்கிற ஒயின்தான் இருக்கும். 2022இல் ஆஸ்திரேலியாவோடு செய்த ஒப்பந்தத்தில் வரி குறைந்தபோதும், புட்டி 5 டாலருக்கு மேல் இருந்தால்தான் சலுகை. மலிவான ஒயினுக்கு அது எட்டவில்லை. கொடுக்கிற காசில் ஒயினுக்குப் போகும் பங்கு எது என்று கேட்டுக்கொண்டால் பதில் தெளிவு: ஆயிரம் ரூபாய்ப் பக்கத்தில் இந்திய ஒயினைத்தான் வாங்க வேண்டும்.

அந்த ஒயின் எங்கே பிறக்கிறது என்று பார்க்க நந்தி மலை அடிவாரத்துக்குப் போனோம். கன்வல் குரோவர் 1988இல் தொட்டபள்ளாபூர்ப் பக்கம் பிரெஞ்சுத் திராட்சை வகைகளை நட்டுத் தொடங்கிய தோட்டம் அங்கே இருக்கிறது. முதல் ஒயின் 1992இல் வந்தது. போர்தோவின் புகழ்பெற்ற ஆலோசகர் மிஷேல் ரோலான் பின்னர் அதற்கு ஆலோசனை சொன்னார். 2012இல் நாசிக்கின் ஜம்பாவோடு இணைந்து குரோவர் ஜம்பா ஆனது. வழி நெடுகச் சாலையோரத்தில் பெங்களூர் ப்ளூ பந்தல்கள். உள்ளே போனால் காட்சி வேறு: கம்பி கட்டி வரிசை வரிசையாக நிறுத்திய கொடிகள், இடுப்புயரத்தில் சின்னச் சின்னக் குலைகள். காய்ப்பு குறைவு, ஒவ்வொரு பழத்திலும் சாரம் அதிகம்.

பிரான்சில் கொடி பனிக்காலத்தில் உறங்கும். நம் வெப்பத்தில் அது உறங்குவதே இல்லை. அதனால் வருஷத்துக்கு இரண்டு கவாத்து: ஏப்ரல் வாக்கில் கிளை வளர்க்க ஒன்று, செப்டம்பர்–அக்டோபரில் காய்க்க ஒன்று. அறுவடை பிப்ரவரி, மார்ச். பகலில் வெயில், இரவில் குளிர் என்று தக்காணப் பீடபூமியின் அந்த உயரம் கொடுக்கிற வித்தியாசம்தான் புளிப்பைக் காப்பாற்றுகிறது. வெயில் மிஞ்சினால் சர்க்கரை மளமளவென்று ஏறிவிடும். தோலும் விதையும் பழுக்காமல் பின்தங்கும். அந்தப் பழத்தில் செய்த சிவப்பு ஒயின் பச்சை வாழைக்காயைக் கடித்த மாதிரித் துவர்க்கும். மலிவான இந்தியச் சிவப்பு ஒயின்கள் பலவற்றில் எங்கள் நோட்டில் ‘துவர்ப்பு ஜாஸ்தி’ என்று விழுந்ததன் காரணம் அந்தத் தோட்டத்தில் நின்றபோதுதான் விளங்கியது.

வெள்ளை ஒயினுக்குத் தோலைச் சேர்த்து ஊறவைக்க வேண்டியதில்லை. சாறு மட்டும் நொதிக்கும். அதனால் அந்தத் துவர்ப்புச் சிக்கல் அதற்கு இல்லை. எங்கள் நோட்டில் திரும்பத் திரும்ப மேலே வந்தது செனின் பிளாங்க். பிரான்சின் லுவார் ஆற்றங்கரையைச் சேர்ந்த திராட்சை. தென்னாப்பிரிக்காவின் வெயிலில் வேரூன்றி, இந்தியாவில் நாசிக்கிலும் வேரூன்றியது. வெயிலிலும் புளிப்பை விடாது. 1990களின் பின்பாதியில் நாசிக்கில் சூலா தோட்டத்தைத் தொடங்கிய ராஜீவ் சமந்த் முதலில் நட்டவை இதுவும் சாவினியோன் பிளாங்கும்தான். சூலாவின் செனின், குரோவரின் செனின் இரண்டும் நாங்கள் மறுபடி மறுபடி வாங்கியவை. சிவப்பில் ஷிராஸ் என்று தனியாகப் பெயர் போட்டு வருவது பெரும்பாலும் ஏமாற்றவில்லை.

இதில் எதையும் ஒரே ஒரு இடத்தில் தோற்கடிக்கலாம்: வைத்திருக்கும் இடத்தில். பெங்களூரில் ஒரு கடையில் நாங்கள் விரும்பிக் குடிக்கிற அதே ஒயினை வாங்கினோம். புட்டி கண்ணாடி ஜன்னலோரம் வெயில் படும்படி நின்றது. தங்கை வீட்டுக்கு வந்து திறந்ததும் மனைவி முகர்ந்துவிட்டு, “பாகு அடிபிடிச்ச வாசனை” என்றார். நிறமும் செம்பட்டையாக மாறியிருந்தது. வெயிலும் சூடும் ஒயினைச் சில வாரங்களில் கொன்றுவிடும். அன்று முதல் கடைக்குள் போனதும் நான் பார்ப்பது விலையை அல்ல. புட்டி நிற்கும் இடத்தை.

வாங்கியதைச் சாப்பாட்டோடு சேர்ப்பதில்தான் எங்களுக்கு அதிக மகிழ்ச்சி கிடைத்தது. தமிழ்நாட்டுக் கடையில் கிடைக்கிற வகைகள் குறைவு என்றாலும், எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தபின் அது போதுமானதாக இருந்தது. வெள்ளிக்கிழமைச் சந்தை நாளில் எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி உறுதி. ராகிக் களியும் கறிக்குழம்பும் ஒரு நாள், மிளகு வறுவல் இன்னொரு நாள். மிளகு வறுவலுக்கு ஷிராஸ் அப்படி ஒட்டும். அதற்குக் காரணமும் உண்டு. மிளகின் மணத்துக்குக் காரணமான ரோட்டன்டோன் என்ற பொருள்தான் ஷிராஸின் மிளகு வாசனைக்கும் காரணம் என்று 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். கறியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால் சற்றுக் கடினமான சிவப்பும் கறியோடு மெத்தென்று ஆகிவிடும்.

மிளகாய்க் காரத்துக்குக் கணக்கு வேறு. ஆல்கஹாலும் துவர்ப்பும் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும். குளிர்ச்சியும் ஒரு துளி இனிப்பும் அதைத் தணிக்கும். நாட்டுக்கோழிக் குழம்பு கொதிக்கக் கொதிக்கக் காரமாக இருந்தால் மெல்லிய இனிப்புள்ள செனினை நன்றாகக் குளிரவைத்துக் குடிக்கலாம். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை மீன் வறுவலுக்குச் சாவினியோன் பிளாங்க் போதும்; எலுமிச்சை பிழிகிற வேலையை அதுவே செய்துவிடும். புளிக்குழம்புக்கும் ரசத்துக்கும் ஒயின் வேண்டாம். சாப்பாட்டின் புளிப்பு ஒயினின் புளிப்பை மிஞ்சினால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். அது 16, 18 டிகிரி இருக்கும் ஐரோப்பிய அறை. ஓசூரிலிருந்து மேலுமலையைத் தாண்டிக் கீழே இறங்கினாலே நம் பக்கத்து அறை 30 டிகிரிக்கு மேல். ஷிராஸையும் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுக்க வேண்டும்.

அப்பா இதையெல்லாம் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் வீட்டில் மதுப் புட்டி இருப்பது அவருக்கு வருத்தம்தான். அந்த வருத்தத்தை நான் மதித்தேன். அவர் சாப்பிடும் நேரத்தில் நாங்கள் புட்டியை எடுப்பதில்லை. ஒருநாள் தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தவர், “இது போன சந்தைக்கு வாங்கினதுதானே? இன்னும் இருக்கா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “குடிக்கிறவன் வீட்டுல பாட்டில் மிஞ்சாதுடா” என்றார். அதற்குமேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த பெரிய சான்றிதழ் அதுதான்.

அவர் சொன்னதைக் கணக்காகவும் சொல்லலாம். ஒரு குவாட்டர் 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடையில் சுமார் 60 கிராம். 12 சதவீத ஒயின் ஒரு கிளாஸ், 150 மில்லியில், சுமார் 14 கிராம். சந்தையில் ஒரு ஆள் நின்றபடி இரண்டு மடக்கில் உள்ளே தள்ளுவது, டூரினில் ஒரு குடும்பம் முழுக்க ஒரு மணி நேரம் உட்கார்ந்து சாப்பாட்டோடு பகிர்ந்துகொண்டதற்குச் சமம். 750 மில்லி புட்டியில் ஐந்து கிளாஸ். ஆயிரம் ரூபாய்ப் புட்டி என்றால் கிளாஸ் 200 ரூபாய். இரண்டு பேர் இரண்டு மூன்று நாள் சாப்பாட்டுக்கு வைத்துக் குடிக்கலாம்.

ஆனாலும் ஒயின் மருந்து அல்ல. மது எந்த அளவிலும் உடலுக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடிக்காதவர்கள் என் எழுத்தைப் படித்துத் தொடங்க வேண்டாம். குடும்பத்தில் யாருக்காவது குடிநோய் இருந்தால் இந்தப் பக்கமே வர வேண்டாம். குடித்துவிட்டு எங்கள் நெடுஞ்சாலையில் வண்டி எடுக்கவே வேண்டாம். ஏற்கெனவே குடிக்கிறவர்களுக்குத்தான் நான் சொல்வது: குறைவாக, உட்கார்ந்து, சாப்பாட்டோடு, வீட்டு மனிதர்களோடு.

அவர்களுக்கு எங்கள் நோட்டின் சாரம் இவ்வளவுதான். லேபிளில் திராட்சையின் பெயரும் அறுவடை ஆண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாததை விட்டுவிடுங்கள். மலிவு ஒயின் வயதாகிச் சிறப்பதில்லை. வெள்ளையானால் சமீபத்திய இரண்டு ஆண்டுகளுக்குள் இருக்கட்டும். திருகு மூடியை மட்டமாக நினைக்காதீர்கள். அது காற்றை நன்றாகத் தடுக்கும், மறுபடி மூடவும் எளிது. வெயிலில் நிற்கும் புட்டியைத் தொடாதீர்கள். ஆயிரத்துக்குள் வெள்ளையில் செனின் பிளாங்க், சிவப்பில் ஷிராஸ். திறந்த புட்டியை, சிவப்பானாலும், மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். மீதியைச் சின்னப் பாட்டிலில் விளிம்பு வரை ஊற்றி மூடினால் காற்று படாமல் மூன்று நான்கு நாள் நிற்கும்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. கர்நாடகம் 2007இல் ஒயினுக்கென்று தனிக் கொள்கை வகுத்து, தனி வாரியமும் அமைத்தது. அங்கே திராட்சை விவசாயிக்கு இன்னொரு சந்தை திறந்தது. நம்மிடம் கம்பம் பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. மஸ்கட் ஹாம்பர்க் என்ற அந்த வகையில் மணமான ஒயின் செய்ய முடியும். வரத்து கூடி விலை சரிகிற பருவத்தில் பழத்தை என்ன செய்வதென்று விவசாயி தவிக்கிறார். அந்தப் பழத்தை அங்கேயே ஒயினாக்கச் சிறு ஆலைகளுக்கு எளிய உரிமம் கொடுங்கள். 40 சதவீதச் சரக்குக்கும் 12 சதவீத ஒயினுக்கும் ஒரே தராசு வைக்காதீர்கள். எது குறைவாக அழிக்கிறதோ அதற்கு வரியும் குறைவாக இருக்கட்டும். பார் வாசலைக் கடக்காமல் ஒரு பெண்ணும் ஒரு முதியவரும் போய் வாங்கக்கூடிய தனிக் கடையில் அதை விற்க ஏற்பாடு செய்யுங்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மக்கள் எதைக் குடிக்கிறார்கள், எப்படிக் குடிக்கிறார்கள் என்பதை மாற்றுவதும் அரசின் கடமைதான். கம்பத்தில் ஒரு ஒயின் ஆலையைத் திறந்து அதைத் தொடங்கலாம்.